இரண்டு விரற்கடைப் பார்டர்

பெயர்: நந்தகுமார். தந்தை: வெங்கடாசலம். பிறந்த நாள்: 1982 ஆகஸ்ட் 17. ஊர்: இராசிபுரம். படிப்பு: இயந்திரவியல் பட்டயம். மனைவி: கோகிலவாணி. மகள்: தமிழினி. தொழில்: ஆண்டகளூர்கேட் அருகே லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரேடிங் பட்டறை, தொடங்கியது 2011 தை மாதம். வண்டி: இருநூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிள், கறுப்பு. வாங்கியது 2021 ஜூன்.

எங்கள் குடும்ப ஏட்டில் பிறப்பு, திருமணம், தொழில் ஆகியவற்றுக்குப் பிறகு, ஒருவர் செய்த காரியம் ஏதேனும் நினைவில் நிற்குமானால் அதையும் எழுதுவது வழக்கம். நந்தகுமார் என் சித்தப்பா மகன். அவர் பெயரில் எழுத வேண்டியிருப்பது ஒரு டயரைப் பற்றியது. அவரையும் கோகிலவாணியையும் அவருடன் வண்டி ஓட்டிய மூவரையும் தனித்தனியே கேட்டு, ஒத்துப்போனவற்றை எழுதியிருக்கிறேன். ஒத்துப்போகாத இடத்தில் அப்படியே குறித்திருக்கிறேன்.

முதலில் அவருடைய தொழிலைச் சொல்ல வேண்டும். லாரிக்காரர் ஒருவர் தேய்ந்த டயரைக் கொண்டுவந்து இறக்கினால், அதன்மேல் புது ரப்பர் ஏற்றலாமா கூடாதா என்பதை நந்தகுமார்தான் சொல்வார். டயருக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுற்றுத் தடவுவார். "ஆகுமுங்க" என்றால் ஆகும். "ஆகாதுங்க" என்றால் வந்தவர் மறுபேச்சின்றி டயரைப் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போய்விடுவார். பாரம் ஏற்றிய வண்டியில் டயர் வெடித்தால் போவது ஓட்டுநரின் உயிர். ஆகவே அந்தப் பட்டறை நிற்பது இயந்திரத்தின் மேல் அல்ல, அவருடைய அந்த ஒரு சொல்லின் மேல்.

2021 ஆகஸ்டில் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் குழுவில் சேர்ந்தார். அதன் பெயர் செவன்ட்டி பெண்ட் ரைடர்ஸ். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடிவாரத்துக் காரவள்ளியில் கூடி, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே சோளக்காடு என்ற ஊரில் தேநீர் குடித்துவிட்டு இறங்குவார்கள். தலைவர் சண்முகவேல், நாமக்கல்காரர், பதினான்கு லாரிகளுக்கு உரிமையாளர், நந்தகுமாரின் பட்டறைக்கு முதல் வாடிக்கையாளர். சேர்த்துவிட்டவரும் அவரே. நாற்பதை நெருங்கிய நந்தகுமாருக்குப் பட்டறைக்கு வெளியே நண்பர் என்று சொல்லிக்கொள்ள அதுவரை ஒருவரும் இல்லை. வாங்கி ஒரு மாதம் வீட்டு வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து, "இத வெச்சுக்கிட்டு நீ பாலு வாங்கவா போற? எங்களோட வா தம்பி" என்றார் சண்முகவேல்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மோட்டார் சைக்கிள் டயர் லாரி டயரைப் போலத் தட்டையாக இராது, உருண்டையாக இருக்கும். நேராக ஓட்டினால் நடுப்பகுதி மட்டும் தேயும். வளைவில் எந்த அளவுக்கு வண்டியைச் சாய்க்கிறோமோ அந்த அளவுக்கு ஓரமும் தேயும். சாய்க்காதவரின் டயரில் இரண்டு ஓரங்களிலும் தேயாத ரப்பர் ஒரு கோடாகப் புத்தம் புதிதாக நிற்கும். அந்தக் கோட்டைச் சேலைக்கரை போல இருப்பதால் 'பார்டர்' என்றார்கள். சோளக்காட்டில் வண்டியை நிறுத்தியதும், தேநீருக்கு முன்பாக, எல்லோரும் குனிந்து ஒருவர் மற்றவரின் பின் டயரை விரலால் அளப்பார்கள். யாருடைய பார்டர் மிக அகலமோ அவருடைய வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் பட்டுச் சேலையிலிருந்து கிழித்த சாண் நீளச் சரிகைத் துண்டு ஒன்றைக் கட்டுவார்கள். அடுத்த மாத அளவெடுப்பு வரை அதை அவிழ்க்கக் கூடாது. ஊருக்குள்ளும் கடைவீதியிலும் அதோடுதான் ஓட்ட வேண்டும்.

நந்தகுமாரின் பார்டர் இரண்டு விரற்கடை. 2021 ஆகஸ்ட் முதல் 2022 பிப்ரவரி வரை ஏழு மாதமும் சரிகை அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. எங்களுடையது நெசவுக் குடும்பம் என்பது தெரிந்ததும் கேலிக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

"ஏம்ப்பா, பரம்பரைத் தொழில டயர்லயும் காட்டுறயாக்கும்?" என்பார் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் காளிதாஸ். "முந்தானை எப்பப் போடுவ?"

"போட்டா மொதச் சேலை உங்க ஊட்டுக்குத்தானுங்க" என்பார் நந்தகுமார். எல்லோரும் சிரிப்பார்கள்; அவரும் சிரிப்பார்.

ஆனால் பட்டறைக்கு வரும் ஓட்டுநர்களும் சரிகையைப் பார்த்தார்கள். அது என்னவென்று ஒருவருக்குத் தெரிந்தது; பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. தமிழினியின் பள்ளி வாசலில்கூட ஒரு தகப்பன் கேட்டாராம். பார்டரின் காரணத்தை முதலில் 'பயத்தால் அவர் வண்டியைச் சாய்க்கவில்லை' என்று எழுதியிருந்தேன். நந்தகுமார் வாசித்துவிட்டு அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னார். "பயம் இல்லீங்க. எனக்கு அந்த வேகம் புடிக்கல, அவ்ளோதான். முப்பதுல போனா பலா மரம் தெரியுது, மிளகுக்கொடி தெரியுது. அறுபதுல போனா முன்னாடி போறவரு முதுகு மட்டுந்தான் தெரியுது." அடித்துவிட்டேன்.

2022 மார்ச் 2, புதன்கிழமை. பட்டறை ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். பழைய டயரின் மேற்பரப்பைச் சுரண்டிச் சமப்படுத்தும் கைமெஷின் ஒன்று அங்கே உண்டு. அந்த வேலைக்குப் பஃபிங் என்று பெயர். நந்தகுமார் தம் வண்டியை உள்ளே தள்ளி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரின் இரண்டு ஓரங்களையும் பஃபிங் செய்தார். வேறு எவர் செய்திருந்தாலும் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். படிப்பு முடிந்த நாள் முதல் இருபது ஆண்டு ரப்பரோடு பழகிய கை என்பதால் எவருக்கும் தெரியவில்லை. அரை விரற்கடை மட்டும் மிச்சம் வைத்தார். முழுவதும் எடுத்தால் நம்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டதாக அவரே சொன்னார்.

தெரிந்தது ஒருவருக்கு மட்டும். அன்று மாலை சட்டையைத் துவைக்க எடுத்த கோகிலவாணி அதை உதறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது லாரி டயர்த் தூசு இல்லீங்களே. இம்புட்டு நைசா இருக்குது?"

"பைக் டயரு ஒண்ணு வந்துச்சு."

"நம்ம பட்டறைக்கா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். கோகிலவாணியும் மேலே கேட்கவில்லை.

மார்ச் 6 அன்று சோளக்காட்டில் சண்முகவேல் விரலை வைத்து அளந்தார், மீண்டும் அளந்தார். "அடேயப்பா! ஒரே மாசத்துல எப்பிடித் தம்பி?"

"பழகிருச்சுங்கண்ணா."

"டயர்க்காரன் டயர்க்காரன்தான்" என்று அவர் முதுகில் தட்டினார் சண்முகவேல். சரிகை காளிதாஸின் வண்டிக்குப் போனது. அன்று குடித்த தேநீர் ருசியாக இருந்ததா என்று கேட்டேன். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. பொய் சொல்லக் கூடாதில்ல" என்றார் நந்தகுமார்.

ஏப்ரலில் தனபால் வந்து சேர்ந்தார். நாமக்கல்லில் முட்டை வியாபாரம், வயது நாற்பத்து நான்கு, மனைவி ரஞ்சனி. மிகவும் கவனமாக ஓட்டுபவர். சேர்ந்த அன்றே சரிகை அவர் வண்டிக்கு வந்தது. மே மாதமும் அவருக்கே. அவரிடம் வேலை பார்க்கும் ஓட்டுநர்கள் மூவரும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மே மாதச் சவாரியில், இறங்குவதற்கு முன்பு, அவர் நந்தகுமாரைத் தனியே ஒதுக்கிக் கேட்டார்.

"நந்து, உன்னுதும் ரெண்டு விரக்கடை இருந்துச்சாமே. எப்பிடிக் கொறச்ச? எனக்கு மட்டும் சொல்லு."

நந்தகுமார் சொன்ன பதிலை இருவரும் ஒரே சொற்களில் ஒப்புவித்தார்கள். "பயப்படாமச் சாய்ச்சாப் போதுமுங்கண்ணா."

ஜூன் 5 அன்று, நாற்பத்தாறாம் வளைவில், தனபால் பயப்படாமல் சாய்த்தார். பின் சக்கரம் வழுக்கியது. நல்ல வேளையாக மலைப்பக்கமாக விழுந்தார். எதிரே பேருந்து எதுவும் வரவில்லை. காறை எலும்பு முறிந்தது. விலா எலும்பில் ஒரு கீறல். ஆம்புலன்ஸில் அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். எத்தனை பேர் அன்று ஏறினார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு: சண்முகவேல் எட்டு வண்டி என்கிறார், காளிதாஸ் ஒன்பது என்கிறார்.

இரண்டு நாள் கழித்து நந்தகுமார் மருத்துவமனைக்குப் போனார். ரஞ்சனி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க. வழியெல்லாம் உங்க பேரத்தானுங்க சொல்லிக்கிட்டு இருந்தாரு."

"என் பேரையா?"

"நந்து சொன்னதச் சரியாச் செய்யல, நந்து சொன்னதச் சரியாச் செய்யலன்னு. என்னங்க சொன்னீங்க அவருகிட்ட?"

உள்ளே தனபால் தோளில் பட்டையோடு உட்கார்ந்து சாத்துக்குடி தின்றுகொண்டிருந்தார். முகம் வாடவில்லை. "கடைசி நேரத்துல பயந்து பிரேக்க அமுக்கிட்டேன் நந்து. நீ சொன்னாப்ல முழுசாச் சாய்ச்சிருக்கோணும். மூணு மாசத்துல கட்டுன எலும்பு சேர்ந்துரும்ங்கறாரு டாக்டரு. ஆவணியில வாரேன். அதே நாப்பத்தாறாம் வளைவு. சரிகை இன்னும் என் வண்டியிலதான இருக்குது? அத யாரையும் அவுக்க உடாத. நான் மேல ஏறித்தான் அவுப்பேன்."

"எதுக்குங்கண்ணா இன்னொருக்கா? போதுமே."

"உன்னால ஆகுது, என்னால ஆகாதா?"

அதற்கு நந்தகுமாரிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது. அன்று அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இரவு உணவுக்கு உட்காராமல் நின்றவரிடம் கோகிலவாணி நேராகவே கேட்டார். "அந்தத் தூசு நம்ம வண்டி டயர்த் தூசுதானுங்களே?"

"ஆமா."

"சொல்லீட்டா என்னாகும்?"

"டயர் வெசயத்துல நான் பொய் சொன்னேன்னு ஆகும். சண்முகவேலண்ணன் கேட்டதும் மொதல்ல அவரு லாரி டயரத்தான் நெனப்பாரு. அவரு போனா இன்னும் நாலு பேரு போவாங்க. நான் 'ஆகுமுங்க'ன்னு சொன்னா இனி எவன் நம்புவான்?"

"சொல்லாம உட்டா?"

அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"சொல்லாம உட்டா அவரு ஆவணியில மறுபடி உழுவாரு. அந்தப் பக்கம் மலை இருக்குமோ பள்ளம் இருக்குமோ" என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தார் கோகிலவாணி. "சாப்புடுங்க. நானும் பட்டறையில பில்லு போடுறவதான். வாடிக்கை போனா எனக்கும்தான் போகும். அதனால என்னையக் கேட்டுட்டுத்தான் சொல்லோணும்னா, நான் சரிங்கறேன்."

ஆயினும் மூன்று மாதம் ஆனது. அந்த இடைவெளியை மறைக்க வேண்டாம் என்று நந்தகுமாரே சொன்னார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவர் சவாரிக்குப் போனார், அளவெடுப்பிலும் நின்றார். சரிகைத் துண்டு தனபாலின் வீட்டு வாசலில், நெளிந்த கண்ணாடிக் கம்பியில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்தது. தனபாலிடம் தொலைபேசியில் மூன்று முறை, வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். காரணம் சொல்லாமல் சொன்ன சொல் எடுபடவில்லை.

2022 செப்டம்பர் 4, ஞாயிறு, காலை ஆறே முக்கால். காரவள்ளித் தேநீர்க் கடை. தனபால் புதுக் கையுறையோடு வந்து இறங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். கிளம்ப வேண்டிய நேரத்தில் நந்தகுமார் தம் வண்டியைக் கடைக்கு எதிரே குறுக்காக நிறுத்தினார்.

"தனபாலண்ணா, கையுறையக் கழட்டிட்டு இங்க வாங்க. என் டயரத் தொடுங்க."

"மேல போயித்தான அளப்போம்?"

"அளக்க வேண்டாமுங்க. தடவுங்க. உள்ள இருந்து வெளிய ஒருக்கா. அப்பறம் வெளிய இருந்து உள்ள ஒருக்கா. எப்பிடி இருக்குது?"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்குது."

"இப்ப சண்முகவேலண்ணன் டயரத் தடவுங்க."

தனபால் தடவினார். "இது ஒரு பக்கம் வழுவழுன்னு இருக்குது. திருப்பித் தடவுனா சொரசொரங்குது."

"சாய்ச்சுத் தேஞ்ச டயரு அப்பிடித்தானுங்க இருக்கும். ரப்பரு ஒரு பக்கமாப் படுத்துக்கும், பூனை முடியாட்டம். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தா அது மெஷின் தேச்சது. மாசி மாசம் என் பட்டறையில வெச்சு நானேதான் தேச்சேன். வளைவுல நான் இன்னைக்கும் பழையபடியேதான் ஓட்டறேன். பயப்படாமச் சாய்ச்சேன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்யிங்க."

கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டதாகக் காளிதாஸ் சொன்னார். முதலில் வாயைத் திறந்தவர் தனபால்.

"அடப் பாவி. மூணு மாசம் மல்லாந்து படுத்துக் கெடந்தேனேடா!"

"ஆமாங்கண்ணா."

"சாத்துக்குடி வேற வாங்கிக்கிட்டு வந்தயே!"

அதற்குள் மற்றவர்கள் குனிந்து அவரவர் டயரைத் தடவத் தொடங்கியிருந்தார்கள். பிறகு அடுத்தவர் டயரைத் தடவினார்கள். காளிதாஸ் மட்டும் வண்டியை விட்டு இறங்காமல், டயரின் மேல் பூட்ஸ் காலை வைத்து மறைத்துக்கொண்டிருந்தார்.

"காலெடுங்க மண்டிக்காரரே."

"என் வண்டிய எவனும் தொடக் கூடாது!"

காலை இழுத்து விலக்கினார்கள். காளிதாஸின் டயர் மரம் இழைக்கும் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டிருந்தது. கோடுகூட நேராக இல்லை. சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. "எங்கிட்டக் கொண்டாந்திருந்தா ஒழுங்காத் தேச்சுக் குடுத்திருப்பனுங்க" என்றார் நந்தகுமார். தனபால் தோளைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, சிரித்தார்.

சிரிக்காதவர் சண்முகவேல். "பைக்கு டயர்ல இப்பிடிச் செஞ்சவன் லாரி டயர்ல என்ன செய்வான்?" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

"லாரி டயர்ல செய்யலீங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டமுங்கண்ணா."

நந்தகுமார் நேரே தனபாலின் வண்டிக்குப் போனார். வெளிறிப்போன சரிகைத் துண்டை அவிழ்த்தார். தம் கண்ணாடிக் கம்பியில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"மேல போயி அளந்துட்டுத்தான் கட்டோணும்" என்றார் சண்முகவேல். "அத இங்க குடு."

"அளக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ரெண்டு விரக்கடை. போன வருசமும் அதுதான், வர்ற வருசமும் அதுதான். இதக் குடுக்க மாட்டனுங்க. இனி இது என் வண்டிக்குத்தான்."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கு வேணும்னா வேற தேடிக்கோங்க."

அன்று அவர் எல்லோருக்கும் முன்பாகக் கிளம்பி, முப்பதில் ஏறினார். தனபால் அவருக்குப் பின்னால் அதே வேகத்தில் போனார். நாற்பத்தாறாம் வளைவில் இருவரும் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்கள்.

அடுத்த வாரமே சண்முகவேல் தம் டயர்களை நாமக்கல்லில் வேறொரு பட்டறைக்கு மாற்றினார். நந்தகுமார் கணித்த நான்கு பேரில் மூவர் போனார்கள். இரண்டு ஆட்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கோகிலவாணி பில் போட்டபடியே டயர் ஏற்றி இறக்கும் கணக்கையும் பார்த்தார். பதினோரு மாதம் கழித்து, ஒரு மதியம், சண்முகவேலின் லாரி பட்டறை வாசலில் நின்றது. அவரே இறங்கி ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அந்தப் பட்டறையில இது ஆகும்ங்கறான்."

நந்தகுமார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுத் தடவினார். "ஆகாதுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"உள்ள ரப்பருக்கும் கம்பிக்கும் ஒட்டு விட்டிருக்குதுங்க. ஆகாது."

சண்முகவேல் அந்த டயரைப் பழைய இரும்புக் கடையில் இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் ஆறு டயர்கள் வந்தன. போன மற்ற மூவரில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார், இருவர் வரவில்லை.

குழு இன்றும் கொல்லிமலை ஏறுகிறது. சரிகைக்குப் பதிலாகச் சில மாதம் பிளாஸ்டிக் ரிப்பன் கட்டிப் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை, விட்டுவிட்டார்கள். நந்தகுமாரும் தனபாலும் இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பி, மற்றவர்கள் வரும்போது சோளக்காட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். "பட்டுச்சேலை முன்னாடியே வந்தாச்சா?" என்று காளிதாஸ் கேட்பார். "வந்து ரெண்டு டீ ஆச்சுங்க" என்பார் நந்தகுமார். காளிதாஸின் பார்டர் இப்போது ஒன்றரை விரற்கடை.

பஃபிங் செய்த அந்த டயர் 2023 இறுதியில் தேய்ந்துபோக, புதியது மாற்றப்பட்டது. புதியதிலும் அளந்தேன்: இரண்டு விரற்கடை. சரிகையின் நிறம் முழுவதும் போய், இழை மட்டும் இருக்கிறது. மூன்று முடிச்சும் அவிழவில்லை.

எங்கள் ஏட்டில் ஒருவருடைய பதிவின் கீழ்க்கோட்டில், அவர் கைக்கொண்ட காரியத்தின் காலத்தை எழுத வேண்டும். பட்டறையின் வயதை எழுதட்டுமா என்று கேட்டேன். சரிகையின் வயதை எழுதச் சொன்னார். 2022 செப்டம்பர் 4 முதல், இதை எழுதும் 2026 பிப்ரவரி 4 வரை:

மூன்று ஆண்டு, ஐந்து மாதம்.